ஊர் பேர் தெரியாத படகு

காயலாங்கடைத் தராசுக்கு அலுமினியம் என்றால் அலுமினியம்தான். நசுங்கிய குண்டான், கழற்றிப் போட்ட ஜன்னல் சட்டம், ஓட்டை விழுந்த படகு எல்லாமே கிலோக் கணக்கு. கடைக்காரர் கொஞ்சம் விவரமானவர் என்றால் தகட்டைத் தனியாகவும் வார்ப்பைத் தனியாகவும் பிரித்துப் போடுவார். அதற்கு மேல் அவருக்குத் தேவையில்லை, எல்லாம் உருகப் போகிறவைதானே. சேதராப்பட்டுத் தொழிற்பேட்டைப் பக்கம் ஒரு பழைய அலுமினிய மீன்பிடிப் படகு வந்து இறங்குகிறது, அதை உருக்காமல் மறுபடி தண்ணீரில் விட யாரோ ஒருவர் ஆசைப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். தராசு கேட்காத மூன்று கேள்விகளை அவர் கேட்டாக வேண்டும். இது எந்த அலுமினியம்? இதோடு வேறு எந்த உலோகத்தைச் சேர்த்து முடுக்கியிருக்கிறார்கள்? இனி இது எந்தத் தண்ணீரில் மிதக்கப் போகிறது? விடை தெரியாமல் வெல்டிங் கையைத் தூக்கினால் ஓட்டை அடைபடும். ஆறு மாதத்தில் பக்கத்திலேயே புதிதாக ஒன்று திறக்கும்.

புதுச்சேரிக் கரையில் அலுமினியப் படகு அபூர்வம். கனகசெட்டிகுளத்திலிருந்து மூர்த்திக்குப்பம் வரை மணலில் ஏறிக் கிடப்பவை கண்ணாடி இழைப் படகுகள்தான். மீனவர்கள் வாயில் அது ‘ஃபைபர் போட்டு’. அதற்கு முன்பு கட்டுமரம். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக வந்து குவிந்தவையும் பெரும்பாலும் ஃபைபரே. இதற்கு நல்ல காரணம் உண்டு. அலைவாயில் ஏறி இறங்கும் படகு அடிபட்டுக்கொண்டே இருக்கும். ஃபைபரில் விரிசல் விட்டால் இழைப்பாயும் ரெசினும் வாங்கி வந்து மணலிலேயே உட்கார்ந்து ஒட்டிவிடலாம். அலுமினியத்தில் விட்டால் ஆர்கான் சிலிண்டர் வேண்டும், அதற்கேற்ற எந்திரம் வேண்டும், கை பழகிய ஆள் வேண்டும். போதாததற்குக் கடற்காற்று வீசும் இடத்தில் ஆர்கான் வாயு பற்றவைக்கும் இடத்தின் மேல் நிற்கவே நிற்காது. கரையிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உள்ளே, கூரை போட்ட பட்டறைகள் உள்ள சேதராப்பட்டு இந்த வேலைக்குக் கடற்கரையைவிடத் தோதான இடம்.

மீன்பிடித் தொழிலுக்கும் அலுமினியத்துக்கும் நம் நாட்டில் உறவே இல்லாமலும் இல்லை. 1957-இல் தொடங்கிய கொச்சி மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம், மரப் படகுகளின் அடிப்பாகத்தைத் துளைக்கும் கப்பல் புழுவைத் தடுக்க, விலை உயர்ந்த செப்புத் தகட்டுக்குப் பதிலாக அலுமினியக் கலவைத் தகட்டைப் போர்த்திப் பார்த்தது. கடலோரக் காவல் படைக்காக எல் அண்டு டி கட்டிய இடைமறிப்புப் படகுகளின் உடல் அலுமினியம். எண்ணூருக்கு அருகே காட்டுப்பள்ளியிலும் அவற்றைக் கட்டினார்கள். 2023-இல் ஓடத் தொடங்கிய கொச்சி வாட்டர் மெட்ரோ படகுகளும் அப்படியே. ஆனால் நம் காயலாங்கடைக்கு வரும் பழைய படகு இவற்றில் எதுவாகவும் இருக்க வாய்ப்பு குறைவு. பழைய கப்பல் ஒன்றின் உயிர்காப்புப் படகாக இருக்கலாம். ஒரு காலத்தில் அவை அலுமினியத் தகட்டில் ரிவெட் அடித்துச் செய்யப்பட்டவை. குஜராத்தின் அலங்கில் கப்பலை உடைக்கும்போது கழற்றப்படும் சாமான்களோடு அவையும் சாலையோரச் சந்தைக்கு வந்துவிடும். அல்லது எவரோ வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த ஏரிப் படகாக இருக்கலாம்.

உருவமே பாதி சொல்லிவிடும். பழைய உயிர்காப்புப் படகுக்குப் பெரும்பாலும் இரண்டு முனையும் கூர். எத்தனை பேர் ஏறலாம், நீள அகலம் என்ன என்பதை அதன் உடம்பில் அழியாதபடி குறித்திருக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. பெயிண்ட்டைச் சுரண்டினால் கப்பலின் பெயரும் பதிவுத் துறைமுகமும்கூடக் கிடைக்கலாம். பின்புறம் தட்டையாக வெட்டி, மோட்டார் மாட்ட மரப்பலகை வைத்த படகு என்றால் வேறு வம்சம். அமெரிக்காவில் 1972 நவம்பர் 1-க்குப் பிறகு செய்த படகு ஒவ்வொன்றிலும் பின்பலகையின் வலது பக்கம் 12 எழுத்துகளும் எண்களும் கொண்ட அடையாளக் குறி இருக்கும். அதன் முதல் மூன்று எழுத்துகள் செய்தவரைச் சொல்லும். பக்கவாட்டில் பெரிதாக எழுதியிருக்கும் ‘ஐஎன்டி பிஒய்’ போன்ற பதிவெண்ணை மட்டும் பிறப்புச் சான்றாக நினைத்துவிடக் கூடாது. அது கடைசி உரிமையாளர் எந்தக் கரையில் இருந்தார் என்பதற்குச் சாட்சி, அவ்வளவுதான்.

ரிவெட் வரிசை நெருக்கமாக, ஒழுங்காக, விமானத்தின் வயிற்றைப் பார்ப்பதுபோல் தெரிந்தால் வியக்க வேண்டாம். 1944-இல் போர் விமானங்கள் செய்துகொண்டிருந்த அமெரிக்க கிரம்மன் நிறுவனத்தின் துணைத் தலைவர் வில்லியம் ஹாஃப்மன், அடிரண்டாக் மலைப் பகுதியில் கனமான மரத் தோணியைத் தோளில் சுமந்து அலுத்துப்போய், விமானத் தகட்டிலேயே ஒன்று செய்தால் என்ன என்று யோசித்தார். போர் முடியும் தறுவாயில் வேலை குறைந்த பட்டறைகளுக்கு அது நல்ல சோறு போட்டது. பிறகு வட அமெரிக்க ஏரிகளில் அலுமினியப் படகு என்பது சைக்கிள் மாதிரி சாதாரணப் பொருளாகிவிட்டது.

எழுத்து எல்லாம் அழிந்துபோயிருந்தால் உலோகத்தையே விசாரிக்க வேண்டும்.

‘அலுமினியம்’ என்று நாம் சொல்வது ஒரு பொருள் அல்ல, ஒரு பெரிய கூட்டுக் குடும்பம். சென்னைக் கலைத்தொழிற்பள்ளியில் 1898-இல் ஆல்ஃபிரட் சாட்டர்டன் அலுமினியப் பாத்திரம் செய்யும் தொழிலைத் தொடங்கிவைத்தார். அந்தப் பாத்திர வகை அலுமினியம் ஏறக்குறையத் தூய்மையானது. மிருதுவாக இருக்கும், இழுத்த இழுப்புக்கு வளையும், சீக்கிரம் நசுங்கும். அதில் படகு செய்தால் முதல் பாறையிலேயே கதை முடியும். படகுக்கு ஏற்றது மக்னீசியம் கலந்த வகை. அது எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள அருங்காட்சியகம் போக வேண்டாம். வீட்டில் பழைய உண்டியல் இருந்தால் போதும். சதுர 5 காசு, ஓரம் அலையலையாக வெட்டிய 10 காசு, அறுகோண 20 காசு ஆகியவை அலுமினிய-மக்னீசியக் கலவையில் அடித்தவை. 2011 ஜூன் 30-ஓடு அவை செல்லாக் காசாகிவிட்டன. ஆனால் எத்தனையோ கைகளின் வியர்வையில் புழங்கிய பிறகும் துரு என்று எதுவும் அவற்றில் ஏறவில்லை.

உலகம் முழுக்க இன்று பயன்படும் நான்கிலக்கப் பெயர் முறை 1954-இல் வந்தது. 5 என்று தொடங்கினால் மக்னீசியக் குடும்பம். அதில் 5052-இல் சுமார் 2.5 சதவீதம் மக்னீசியம், 5083-இல் 4 முதல் 4.9 சதவீதம் வரை. 6 என்று தொடங்கும் 6061 போன்றவற்றில் மக்னீசியத்தோடு சிலிக்கனும் உண்டு; ஜன்னல் சட்டம், குழாய், படகின் விலா எலும்புகள் எல்லாம் இந்த வகை. 2 என்றால் செம்பு கலந்தது. விமானத்துக்குப் பலம் தரும், உப்புத் தண்ணீரில் சீக்கிரம் அரிக்கும். 7 என்றால் துத்தநாகம். நம் பழைய பட்டறைக்காரர்களிடம் இந்த எண்களைச் சொன்னால் விழிப்பார்கள். 57எஸ், டி54எஸ், 65எஸ், எச்இ-30 என்று கேட்டால் உடனே புரியும். 1943-இல் ஆலுவாவில் நாட்டின் முதல் உருக்காலைகளில் ஒன்றைத் தொடங்கிய இண்டால் நிறுவனத்தின் காலத்துப் பெயர்கள் அவை. 57எஸ் ஏறத்தாழ 5052, டி54எஸ் என்பது 5083, 65எஸ் என்பது 6061. படகின் உட்புறம் பெயிண்ட் படாத மூலையில், தகட்டாலை அச்சடித்த மங்கிய எழுத்து இப்படி ஏதாவது மிஞ்சியிருக்கலாம். டார்ச் அடித்துத் தேடுவது வீண் வேலை ஆகாது.

அதுவும் கிடைக்காவிட்டால் ஒரு சொட்டு காஸ்டிக் சோடா. தகட்டில் காசு அளவு இடத்தை உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கி, பத்து சதவீதக் கரைசலில் ஒரு சொட்டு வைத்துச் சில நிமிடம் விட வேண்டும். நுரைத்துக்கொண்டு ஹைட்ரஜன் கிளம்பும். கண்ணாடியும் கையுறையும் கட்டாயம், பக்கத்தில் நெருப்பு ஆகாது. கழுவிப் பார்த்தால், செம்போ துத்தநாகமோ கணிசமாக உள்ள கலவை கறுத்திருக்கும். மக்னீசியக் கலவை வெளுப்பாகவே நிற்கும். சிலிக்கன் மிகுந்த வார்ப்பில் சாம்பல் பழுப்பு நிறம் ஏறும். காஸ்டிக் அலுமினியத்தைக் கரைத்துவிடுகிறது, செம்பைத் தொடுவதில்லை. மிஞ்சிய செம்புத் துகள்தான் அந்தக் கறுப்பு. சுத்தமாகக் கழுவிவிடாமல் அடுத்த வேலைக்குப் போகக் கூடாது. இந்தச் சோதனை 5052-ஐயும் 5083-ஐயும் பிரித்துக் காட்டாது. அதற்கு எக்ஸ்ரே துப்பாக்கியோ ஆய்வுக்கூடமோ வேண்டும். ஆனால் விமானத் தகடா, கடல் தகடா என்ற பெரிய சந்தேகத்தைச் சில ரூபாய் செலவில் தீர்த்துவிடும். கறுத்தால் என் யோசனை ஒன்றுதான்: அந்தப் படகை உப்புத் தண்ணீரில் இறக்க வேண்டாம்.

சரி, நல்ல ஜாதித் தகடுதான் என்று தெரிந்துவிட்டது. பிறகு ஏன் ஓட்டை?

அலுமினியம் உண்மையில் மிகவும் பதற்றமான உலோகம். ஆக்சிஜனைக் கண்டால் பாய்ந்து ஒட்டிக்கொள்ளும். ஆனால் அப்படி ஒட்டிக்கொண்ட கணமே மேலே சில நானோமீட்டர் தடிமனில் அலுமினா என்ற ஆக்சைடு படலம் உருவாகிவிடுகிறது. இரும்பின் துருவைப்போல் அது பொருபொருவென்று உதிராது. இறுகப் பிடித்துக்கொண்டு அடியில் உள்ள உலோகத்துக்குக் காற்றே படாமல் மூடிவிடும். சுரண்டினால் மறுகணம் மறுபடி வளரும். அதனால்தான் பெயிண்ட் அடிக்காத படகுகூடப் பல ஆண்டு நிற்கிறது. இந்தப் படலத்தை வீழ்த்த மூன்று வழிகள் உண்டு. காரம் கரைக்கும். குளோரைடு, அதாவது உப்பு, நுண்ணிய இடங்களில் துளைத்துக் குழி பறிக்கும். மூன்றாவது, பக்கத்தில் வேறொரு உலோகத்தை வைப்பது. பழைய படகுகளைத் தின்றுதீர்ப்பது பெரும்பாலும் இந்த மூன்றாவதுதான்.

இதற்கு உலகப் புகழ்பெற்ற சாட்சி 1895-இல் அமெரிக்கா கோப்பைப் பாய்மரப் போட்டிக்காக நதானியல் ஹெரஷாஃப் வடிவமைத்த ‘டிஃபெண்டர்’. எடையைக் குறைக்க வேண்டும் என்ற ஒரே வெறியில், தண்ணீருக்குக் கீழே வெண்கலம், மேலே அலுமினியம், உள்ளே எஃகுச் சட்டம் என்று கட்டினார்கள். கோப்பையை வென்றது. கடல்நீர் அந்த மூன்று உலோகங்களையும் ஒரு மின்கலமாக்கிவிட்டது. அதில் அலுமினியம் எலக்ட்ரானைக் கொடுத்துக் கொடுத்துக் கரைந்தது. வெண்கலம் சேதமில்லாமல் நின்றது. 1901-இல் படகை உடைத்துப் போட்டார்கள். ஆறு வருஷம்! கட்டுமரத்துக்கே அதைவிட ஆயுள் எதிர்பார்ப்போம். இந்தப் பாடம் எல்லாருக்கும் ஏறிவிட்டது என்றும் சொல்ல முடியாது. அமெரிக்கக் கடற்படையின் புத்தம்புது அலுமினியப் போர்க்கப்பல் ‘இண்டிபெண்டன்ஸ்’, உந்துநீர்க் குழாயின் எஃகுப் பாகத்தை ஒட்டிக் கடுமையாக அரித்திருந்தது 2011-இல் தெரியவந்தது.

நம் படகின் ‘டிஃபெண்டர்’கள் சிறியவை, மறைந்து இருப்பவை. யாரோ மாட்டிய பித்தளை வால்வு. தண்ணீர் உள்ளே வரும் இடத்தில் முடுக்கிய துருப்பிடிக்கா எஃகு போல்ட்டு. இதில் பரப்பளவு முக்கியம். பெரிய அலுமினியத் தகட்டில் சின்ன எஃகுத் திருகு ஓரளவு பொறுத்துக்கொள்ளக்கூடியது. திருகைச் சுற்றி மட்டும் வெள்ளைப் பொடி கட்டும். பெரிய எஃகுத் தகட்டில் சின்ன அலுமினிய ரிவெட் அடித்தால் ரிவெட் சீக்கிரமே காணாமல் போகும். செப்புச் சத்துள்ள அடிப்பெயிண்ட் மரப் படகுக்கும் ஃபைபருக்கும் நல்லது, அலுமினியத்துக்கு விஷம்: அதிலிருந்து கரைந்து வரும் செம்பு தகட்டின் மேலேயே துகளாகப் படிந்து ஆயிரக்கணக்கான குட்டி மின்கலங்களை உண்டாக்கும். பின்பலகைக்குப் பூச்சி அரிக்காத மரம் என்று செப்பு மருந்து ஏற்றிய பிளைவுட் போட்டாலும் இதே கதி. பென்சில்கூட ஆகாது என்றால் நம்புவீர்களா? அதன் கிராஃபைட் அலுமினியத்துக்கு எதிர்முனை. விமானப் பட்டறைகளில் தகட்டில் பென்சிலால் கோடு போடத் தடை.

அடுத்து, ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும் எதுவும். மிதவைக்காக இருக்கைக்கு அடியில் அடைத்த நுரை பல வருஷமாக உப்புத் தண்ணீரைக் குடித்து ஊறிக் கிடக்கும். அதன் அடியில் காற்று புகாததால் ஆக்சைடு படலம் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள முடியாது. நுரையைப் பிடுங்கினால்தான் அடித்தகட்டின் உண்மை நிலை தெரியும். ஓட்டையை சிமென்ட் பூசி அடைத்திருந்தால் அது இன்னும் மோசம், சிமென்ட்டின் காரம் தகட்டை அரிக்கும். வலுவான மக்னீசியக் கலவைகளுக்கு வெயிலும் ஒரு எதிரி. மூன்று சதவீதத்துக்கு மேல் மக்னீசியம் உள்ள தகடு 65 டிகிரிக்கு மேல் நெடுங்காலம் கிடந்தால், படிகங்களின் எல்லையில் மக்னீசியம் தனியே பிரிந்து படியும்; பிறகு அரிப்பு அந்த எல்லைக்கோடுகளிலேயே ஓடும். என்ஜினை ஒட்டிய தகடும், சித்திரை வெயிலில் கிடக்கும் கறுப்பு பெயிண்ட் அடித்த மேல்தளமும் சந்தேகிக்க வேண்டிய இடங்கள்.

இனிப் பட்டறை வேலை. ஒழுகும் இடத்தைக் கண்டுபிடிக்கப் படகைத் தண்ணீரில் இறக்க வேண்டாம். தண்ணீரைப் படகில் இறக்கினால் போதும். கரையிலேயே நன்றாக முட்டுக்கொடுத்து நிறுத்தி, உள்ளே ஒரு சாண் உயரத்துக்கு ஊற்றிவிட்டு, அடியில் கசியும் ஒவ்வொரு இடத்தையும் வெளியிலிருந்து குறித்துக்கொள்ளலாம் (பென்சிலால் அல்ல). நிறைய ஊற்றக் கூடாது. ஒரு கன மீட்டர் தண்ணீர் ஒரு டன் எடை. வெளியே தாங்கத் தண்ணீர் இல்லாதபோது ரிவெட்டுகள் அதற்குப் பழக்கப்பட்டவை அல்ல. ஆடும் ரிவெட்டைச் சுற்றிக் கறுப்புப் புகை படிந்ததுபோல் ஒரு தடம் இருக்கும். அலுமினியம் அலுமினியத்தோடு உராய்ந்து அரைபட்ட தூள் அது. ஒருவர் உள்ளே கனமான இரும்புக் கட்டியை அணைத்துப் பிடிக்க, இன்னொருவர் வெளியிலிருந்து சுத்தியால் தட்டினால் பெரும்பாலானவை இறுகிவிடும். இறுகாததைத் துளையிட்டு எடுத்து, அதே வகை அலுமினியத்தில் ஒரு சுற்றுப் பெரிய ரிவெட், இடையில் கடலுக்குரிய சீலன்ட்.

விரிசல் வேறு சங்கதி. எஃகுக்கு ஒரு எல்லை உண்டு; அதற்குக் கீழான சுமையை எத்தனை கோடி முறை ஏற்றி இறக்கினாலும் அது சோர்வதில்லை. அலுமினியத்துக்கு அப்படி ஒரு பாதுகாப்பான எல்லை கிடையாது. சின்ன அலைகூடக் கணக்கில் சேர்ந்துகொண்டே வரும். எனவே விரிசலின் நுனி எங்கே என்று உருப்பெருக்கியோடு தேடி, நுனியில் ஒரு வட்டத் துளை போட வேண்டும். கூர்நுனியில் குவிந்த விசை வட்டத்தின் ஓரத்தில் பரவிவிடும், விரிசல் நிற்கும். அதன் பிறகுதான் ஒட்டுத்தகடோ பற்றவைப்போ.

பற்றவைப்பில்தான் நல்ல படகுகள் கெட்டுப்போகின்றன. அலுமினியம் 660 டிகிரியில் உருகும், மேலே உள்ள ஆக்சைடு உருக 2,072 டிகிரி வேண்டும். தோலை நீக்காமல் சூடேற்றினால் உள்ளே உலோகம் கூழாகிக் கீழே ஊற்றிவிடும், மேலே தோல் அப்படியே நிற்கும். பட்டறைகளில் ‘ஆர்கான் வெல்டிங்’ என்று சொல்லும் முறையில் மாறுதிசை மின்சாரம் பயன்படுவது இதற்குத்தான்: மின்சாரத்தின் ஒரு அரைச் சுற்று ஆக்சைடைத் தகர்க்கும், மறு அரைச் சுற்று உருக்கும். தேய்க்க எடுக்கும் கம்பித் தூரிகை துருப்பிடிக்கா எஃகில், இந்த வேலைக்கென்றே தனியாக இருக்க வேண்டும். இரும்பைத் தேய்த்த தூரிகை இரும்புத் துகளை அலுமினியத்தில் விதைத்துவிடும். நிரப்புக் கம்பியும் கேட்டு வாங்க வேண்டிய பொருள். கைக்குச் சுலபம் என்று பலர் வைத்திருக்கும் 4043 கம்பியில் சிலிக்கன் இருக்கிறது. அது 5083-இன் மக்னீசியத்தோடு சேர்ந்து நொறுங்கும் சேர்மமாகும். அங்கே 5356 வேண்டும். 6061-ஆல் ஆன விலாவைப் பற்றவைத்தால், வெப்பத்தில் பதப்படுத்தி ஏற்றிய அதன் பலத்தில் ஏறத்தாழ பாதி அந்த இடத்தில் போய்விடும். 5083-க்கு நஷ்டம் மிகக் குறைவு. ஆகவே விலாக்களுக்கு ரிவெட், தகட்டுக்கு மட்டும் தேவைப்பட்டால் வெல்டிங் என்பது என் கட்சி. மெல்லிய பழைய தகட்டில் பரவலாகக் குழி விழுந்திருந்தால் அங்கேயும் ஒட்டுத்தகடும் சீலன்ட்டும் ரிவெட்டுமே மேல்.

பெயிண்ட் கட்டாயமில்லை. அடிப்பதானால் அலுமினியத்தைப் பற்றிக்கொள்ளும் ஈட்ச் பிரைமரோ எப்பாக்ஸியோ முதலில் போக வேண்டும். எஃகுத் திருகு தவிர்க்க முடியாத இடங்களில் நைலான் வாஷரும் சீலன்ட்டும் வைத்து உலோகம் உலோகத்தைத் தொடாதபடி பிரிக்கலாம். பின்பலகைக்குச் செப்பு மருந்து ஏறாத கடல் பிளைவுட், ஓரம் முழுக்க எப்பாக்ஸி.

கடைசியாக மூன்றாவது கேள்வி, எந்தத் தண்ணீர். கடல்நீர் ஏரி நீரைவிட ஏறக்குறைய நூறு மடங்கு நன்றாக மின்சாரம் கடத்தும். அதனால் கடலில் ஒரு பித்தளை வால்வு தள்ளியிருக்கும் தகட்டையும் எட்டிப் பிடித்து அரிக்கும். நன்னீரில் அதன் கை அவ்வளவு நீளாது, தொட்டடுத்த இடத்தோடு நின்றுவிடும். வயதான அலுமினியப் படகை நான் கடலுக்கு அனுப்ப மாட்டேன். உள்நாட்டு ஏரி குளத்துக்கே சொல்வேன். சேதராப்பட்டுக்குத் தெற்கே இருக்கும் ஊசுட்டேரி 2008-லிருந்து பறவைகள் சரணாலயம். அங்கே என்ன செய்யலாம், கூடாது என்பதை வனத்துறையிடம் கேட்காமல் எதையும் இறக்கக் கூடாது.

எங்கே விட்டாலும் தண்ணீருக்கடியில் ஒரு பலியாள் வேண்டும். அலுமினியத்தைவிடத் தாராளமாக எலக்ட்ரான் கொடுக்கும் உலோகக் கட்டியைப் படகோடு மின்தொடர்பு இருக்கும்படி மாட்டினால், அரிப்பு அதைத் தின்னும், படகை விடும். அனோடு என்று கேட்டு வாங்கலாம். கடலுக்குத் துத்தநாகம் அல்லது அதற்கென்றே செய்த அலுமினியக் கலவை. நன்னீரில் துத்தநாகத்தின் மேல் ஓடு கட்டி வேலை நின்றுபோகும் என்பதால் மக்னீசியம். பெயிண்ட் அடிக்கும்போது இதையும் சேர்த்து அடித்துவிடும் பழக்கம் பட்டறைகளில் உண்டு, அடித்தால் கட்டி சும்மா தொங்கும். ஒரு பருவம் கழித்துப் படகைத் தூக்கிப் பார்க்கையில் அனோடு மாட்டியபடியே புத்தம்புதிதாக இருந்தால் சந்தோஷப்பட்டுக் கிளம்பிவிட வேண்டாம். போல்ட்டைக் கழற்றி, தொடும் இடத்தைப் பளபளவென்று தேய்த்து, மறுபடி முடுக்கி, மல்ட்டிமீட்டரில் தொடர்பு வருகிறதா என்று பார்க்க வேண்டும்.